தன் கையே தனக்குதவி



இம்முறை ஒரு சின்னச் சோதனையோடு தொடங்குவோம். கைப்பிடி உள்ள மரநாற்காலி ஒன்றில் அமர்ந்துகொள்ளுங்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி எழுந்து பாருங்கள். இரண்டாவது முறை எவ்வளவு இலேசாக இருக்கிறது, பார்த்தீர்களா? முழங்காலில் வலி உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கால் சுமக்க மறுத்த பாரத்தைக் கை வாங்கிக்கொள்கிறது. "தன் கையே தனக்குதவி" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

உடற்பயிற்சி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது நடைதான். மருத்துவரும் "தினமும் நடங்கள்" என்கிறார். நல்ல ஆலோசனை. ஆனால், முப்பது நாற்பது ஆண்டுகள் மேட்டிலும் பள்ளத்திலும் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டிய ஓர் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவர் எப்படி நடப்பார்? இனிப்பு நீரால் பாதத்தில் புண் கண்டவர் எப்படி நடப்பார்? காலையே இழந்துவிட்டவர் என்ன செய்வார்? "எனக்குப் பயிற்சி எல்லாம் முடிந்த கதை" என்று அவர்கள் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு சர்க்கரை ஏறுகிறது, உடல் பருக்கிறது, உள்ள தசையும் கரைகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க ஒரு வழி கைகளில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

இது யாரோ சிலருடைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. அதாவது, நம்மில் பத்துப் பேர் கூடினால் மூவருக்கு இனிப்பு நீர். எல்லா இனத்தாரிலும் நாமே அதில் முன்னால் நின்றோம். வருந்த வேண்டிய முதலிடம் அல்லவா?

புஜத்தில் இருப்பது என்ன?

பிள்ளைகளிடம் "பலத்தைக் காட்டு" என்றால் கையை மடக்கி முண்டாவைக் காட்டுவார்கள். அது புஜத்தின் முன்பக்கத் தசை. கையை மடக்க உதவுவது. குடத்தைத் தூக்குவதும், குழந்தையை இடுப்பில் ஏற்றுவதும் அதன் வேலை. ஆனால், புஜத்தின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத் தசைதான். கையை நீட்டுவதும், ஊன்றித் தள்ளுவதும் அதன் பொறுப்பு. மூன்று இடங்களில் வேர்விட்டுத் தொடங்குவதால் அதை முத்தலைத் தசை என்பார்கள்.

படுக்கையிலிருந்து எழுந்திருக்க, கழிவறையில் கைப்பிடியை ஊன்றி எழ, ஊன்றுகோலில் உடம்பைத் தாங்க, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற, இத்தனைக்கும் அந்தப் பின்பக்கத் தசை வேண்டும். அது மெலிந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் மகளையோ மருமகளையோ கூப்பிட வேண்டியதுதான். மகள் முகம் சுளிக்காமல் வரலாம். ஆனால், கூப்பிடுகிறவரின் மனம் என்ன பாடுபடும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

புஜம் தனியாகவும் வேலை செய்வதில்லை. அதற்கு மேலே தோள், பின்னால் அக்குளிலிருந்து இடுப்புவரை விசிறிபோல விரிந்த முதுகுத்தசை, கீழே வயிற்றுத்தசை. இவை ஒரே குடும்பம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் உழைத்தால் அவர் சீக்கிரம் களைத்துப்போவார். எல்லாரும் சேர்ந்து உழைத்தால் வீடு நிமிரும். கைப்பயிற்சியின் இரகசியமும் அதுதான்.

உலக்கையும் கிணறும்

நம் பாட்டிமார்கள் பயிற்சிக்கூடத்திற்குப் போனதில்லை. ஆனால், அவர்கள் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? உலக்கையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்தி, வயிற்றை இறுக்கி, இடுப்பை வளைத்து, உடம்பின் பாரத்தோடு உரலில் இறக்குவார்கள். நெல் குத்தினாலும் மாவு இடித்தாலும் இதே அசைவு. கிணற்றடியில் இராட்டினத்தில் கயிறு இழுத்தபோதும் அப்படியே: மேலிருந்து கீழே, கை மாற்றிக் கை. தோளும் முதுகும் வயிறும் புஜமும் ஒன்றாக உழைத்த வேலைகள் இவை.

ஆண்களுக்குக் கர்லாக்கட்டை இருந்தது. தலைக்குப் பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவரும் அந்தக் கட்டை, தோளையும் புஜத்தையும் முதுகையும் சேர்த்தே பழக்கும். இந்தியாவில் அதைக் கண்ட ஆங்கிலேயர்கள் தங்கள் படைவீரர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் மேல்நாடுகளில் அது பரவி, கட்டை சுழற்றுவது 1904-இல் செயின்ட் லூயி ஒலிம்பிக்கிலும், 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. நம் மண்ணின் சரக்கு எத்தனை தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

இன்று அரைத்த மாவு பையில் வருகிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. உரலும் உலக்கையும் திரும்பி வரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடியுமுன்னே எழுந்து பிரட்டுக்குப் போகும் முன் தண்ணீரும் இறைத்து மாவும் இடித்தவர்களின் முதுகைக் கேட்டால், அந்த நாளின் வேதனை தெரியும். ஆனால், வேலை போனபோது அந்த அசைவும் நம்மைவிட்டுப் போய்விட்டது. வேலை வேண்டாம், அசைவு வேண்டும். அதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் கேள்வி.

விந்தை என்னவென்றால், அந்த அசைவு பனிநாட்டிலிருந்து ஓர் இயந்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

பனிநாட்டுக் கோல்

நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் குளிர்காலம் முழுவதும் நிலம் பனியால் மூடிக்கிடக்கும். காலில் நீண்ட பலகையைக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளிலும் கோல் பிடித்துச் சறுக்கிச் செல்வார்கள். அதற்கு ஸ்கி என்று பெயர். சமதரையில் பலகை தானாக ஓடாது. இரண்டு கோலையும் ஒருசேரப் பனியில் ஊன்றிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மூடா ஆற்றில் கழி ஊன்றித் தோணி தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள்; அதே வேலைதான். அங்கே தண்ணீர், இங்கே பனி.

கையால் தள்ளி எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்று கேட்கிறீர்களா? சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் வாசாலோப்பெட் என்னும் பந்தயத்தின் தூரம் 90 கிலோமீட்டர். சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போவதைவிட நீண்ட வழி. அண்மை ஆண்டுகளில் முன்னணி வீரர்கள் அந்தத் தூரம் முழுவதையும் இரு கைக்கோல்களை ஊன்றியே கடந்துவிடுகிறார்கள்.

அந்த வீரர்களை சுவீடனைச் சேர்ந்த ஹோல்ம்பெர்க் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தத் தசை முதலில் வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். முதலில் வயிறும் இடுப்பும். அடுத்துத் தோளும் முதுகும். கடைசியில்தான் புஜத்தின் பின்பக்கம். உலக்கை குத்திய பாட்டிக்குத் தெரிந்திருந்த வரிசையும் இதுவே. கையை மட்டும் நம்பி இடித்திருந்தால் கால்படி அரிசிக்கு முன்பே அவர் கை ஓய்ந்திருக்கும்.

பனி இல்லாத மாதங்களில் வீரர்கள் பயிற்சி செய்யவேண்டுமே? அதற்காகப் பிறந்ததுதான் ஸ்கி எர்கோமீட்டர். சுருக்கமாக ஸ்கி எர்க் என்பார்கள். இப்போது பரவலாகக் காணப்படும் இயந்திரத்தை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள கான்செப்ட் டூ நிறுவனம் 2009-இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1976-இல் தொடங்கியவர்கள் டிரைசிகேக்கர் சகோதரர்கள் இருவர். இருவரும் படகு வலிப்பவர்கள். முதலில் துடுப்புச் செய்தார்கள். 1981-இல் வீட்டுக்குள் துடுப்பு வலிக்கும் இயந்திரம் செய்தார்கள். பிறகு இதைச் செய்தார்கள்.

இப்போது உலகமெங்கும் நடக்கும் ஹைராக்ஸ் என்னும் போட்டியில் ஓட்டத்திற்கு இடையே எட்டு உடற்பயிற்சிகள் வரும். அவற்றில் முதலாவது ஸ்கி எர்க்கில் 1000 மீட்டர் இழுப்பது. பட்டணத்துப் பயிற்சிக்கூடங்களில் இந்த இயந்திரம் புகுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பிள்ளைகள் இதைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருந்தாலும் வியப்பில்லை.

அது எப்படி வேலை செய்கிறது?

ஏறக்குறைய ஏழடி உயரமான ஒரு தூண். உச்சியில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் விசிறிச் சக்கரம். மேலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். அவற்றின் நுனியில் கைப்பிடிகள். கயிற்றை இழுத்தால் விசிறி சுழலும். விட்டால் கயிறு தானே மேலே போகும். கிணற்று இராட்டினத்தில் வாளிக்குப் பதில் காற்றைக் கட்டி இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரும்பு எடை எதுவும் இல்லை. காற்றுதான் பாரம். மெதுவாக இழுத்தால் காற்று மென்மையாக எதிர்க்கும். வேகமாக இழுத்தால் கடுமையாக எதிர்க்கும். வேகத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே பதினெட்டு வயது விளையாட்டு வீரனும் அறுபது வயது அம்மாவும் ஒரே இயந்திரத்தில் பயிற்சி செய்யலாம். அவரவர் வலுவுக்கு ஏற்ற பாரத்தை அது தானே கொடுக்கும்.

கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு நெம்புகோல் இருக்கும். அது காற்று நுழையும் வாசலைத் திறந்து மூடுவது. 10-இல் வைத்தால்தான் வீரம் என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். அது சைக்கிள் கியரைப் போன்றது. வீரத்தின் அளவுகோல் அல்ல. புதியவர்கள் 3 அல்லது 4-இல் வைத்துத் தொடங்கினால் போதும். எதிரே உள்ள சிறு திரையில் நேரமும், தூரமும், 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதும் தெரியும். முதல் நாள் 500 மீட்டருக்கு மூன்று நிமிடமோ அதற்கு மேலோ ஆனாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நிற்பதும் இழுப்பதும்

தூணைப் பார்த்து, ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும். கைப்பிடிகளைப் பிடித்து, கைகளைத் தலைக்குச் சற்று மேலே வையுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும்.

முதலில் வயிற்றை இறுக்குங்கள். பிறகு இடுப்பிலிருந்து முன்னே வளைந்து, உடம்பின் பாரத்தைக் கயிற்றின் மேல் போடுங்கள். முழங்கால் சிறிது மடங்கட்டும். கைகள் முகத்தைக் கடந்து மார்புக்கு வரும்வரை முழங்கை மடங்கியே இருக்கும். அதன்பின் கையைக் கீழே நீட்டித் தொடையின் பக்கமாகத் தள்ளி முடியுங்கள். புஜத்தின் பின்பக்கம் இறுகுவதை அந்தக் கடைசி நீட்டலில் உணர்வீர்கள். பிறகு நிமிர்ந்து, கைகளை மேலே போகவிடுங்கள். இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நிமிரும்போது உள்ளே இழுங்கள்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. முதலாவது, உடம்பை மரம்போல நிறுத்திக் கையால் மட்டும் இழுப்பது. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இரண்டாவது, முதுகை வில்லாகக் கூன்போட்டு வளைப்பது. வளைவு இடுப்பில் இருக்கவேண்டும். மூன்றாவது, தோள்களைக் காதுவரை தூக்கிக்கொள்வது. கழுத்து வலி அங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு செய்வது? முதல் இரண்டு வாரம், ஒரு நிமிடம் இழுத்து ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து முறை. அடுத்த இரண்டு வாரம் எட்டு முறை. ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டு நிமிடம் இழுத்து ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து முறை. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பயிற்சியின்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடியவேண்டும். பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம் என்று பொருள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது. நடக்க முடியாதவரின் கையசைவும் அந்தக் கணக்கில் சேரும். உழைக்கிற தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அது காலின் தசையா, கையின் தசையா என்று சர்க்கரை பார்ப்பதில்லை.

உட்கார்ந்தும் செய்யலாம்

நம் வாசகர்களில் பலருக்குப் பயன்படப் போவது இந்தப் பகுதிதான். தூணுக்கு எதிரே ஓர் உறுதியான பெஞ்சையோ, சக்கரம் பூட்டிய சக்கர நாற்காலியையோ போட்டு, உட்கார்ந்தபடியே கயிற்றை இழுக்கலாம். இடுப்பு வளைவு குறைவாக இருக்கும்; புஜத்துக்கும் முதுகுக்கும் வேலை கூடும். முழங்கால் வலி உள்ளவரும், பாதத்தில் புண் உள்ளவரும், காலை இழந்தவரும் செய்யக்கூடிய பயிற்சி இது. பனிநாட்டில் கால் இழந்த வீரர்கள், சறுக்குப் பலகை பூட்டிய இருக்கையில் அமர்ந்து கைக்கோலாலேயே பந்தயம் ஓடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் நாட்டையே பாருங்கள். சரவாக்கைச் சேர்ந்த போனி புன்யாவ் குஸ்தின், தோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கிலும் எடைதூக்கித் தங்கம் வென்றார். பலகையில் மல்லாந்து படுத்துக் கையால் தள்ளித் தூக்கும் போட்டி அது. கால்கள் கைவிட்ட இடத்தில் புஜங்கள் தங்கத்தைத் தூக்கின. அவருக்கு முன்பே அதே துறையில் மலேசியாவுக்குப் பதக்கம் வாங்கித் தந்த மாரியப்பன் பெருமாள் நம்மவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இயந்திரம் இல்லாத வீட்டில்

இயந்திரத்தின் விலை சில ஆயிரம் வெள்ளி. வாங்குங்கள் என்று சொன்னால் நீங்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவீர்கள். வேண்டாம். நம்மிடம் ரப்பர் இருக்கிறது! நாம் வெட்டிய பாலிலிருந்து செய்த இழுவைப் பட்டைகள் விளையாட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப் போதும்.

பட்டையைத் தலைக்கு மேலே உள்ள உறுதியான சன்னல் கம்பியிலோ வீட்டுச் சட்டத்திலோ நடுவில் மாட்டுங்கள். இரண்டு நுனியையும் இரு கைகளில் பிடித்து, மேலே சொன்ன வரிசையிலேயே இழுங்கள்: வயிறு, இடுப்பு, தோள், கடைசியில் புஜம். 10 முதல் 15 முறை இழுத்து ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். ரப்பரின் குணம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலும் எண்ணெயும் பட்டால் அது வெடிக்கும். ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் தூக்கிப்போடுங்கள். அறுந்து முகத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

கூடவே இரண்டு எளிய பயிற்சிகள். ஒன்று, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கைகளை ஊன்றி, மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளி மீளுங்கள், 10 முறை. இன்னொன்று, நாற்காலி ஊன்றல். கைப்பிடி உள்ள மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, கைகளை ஊன்றி உடம்பை நாலைந்து அங்குலம் உயர்த்தி மெல்ல இறக்குங்கள். பாதம் தரையில் இருந்து உதவட்டும். முதலில் 5 முறை, பிறகு 10. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கால் விரிந்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

எச்சரிக்கை

ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது இதயம் வேகமாகத் துடிக்கும். இரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும். ஆகவே இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பது கூடவே கூடாது. நெஞ்சில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். வலி அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்சுலின் ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்து மயக்கம் வருவது போலிருந்தால் உடனே வாயில் போடுங்கள். இனிப்பு நீரால் கண்ணின் பின்பக்கம் கெட்டவர்கள் மூச்சுப் பிடித்து இழுத்தால் கண்ணில் இரத்தம் கசியக்கூடும். கண் மருத்துவரைக் கேளுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகி, கை மேலே எழாமல் போவதும் மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் வலி இல்லாத உயரம்வரை மட்டுமே கையைத் தூக்கவேண்டும்.

எழக்கூடிய கேள்விகள்

"நாள் முழுவதும் தோட்டத்தில் உழைக்கிறோமே, அது பயிற்சி இல்லையா?" உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பால்வெட்டுக்காரர் ஒரே பக்கமாக, ஒரே வளைவில் ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டுகிறார். செம்பனை வெட்டுகிறவர் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே ஏந்தி, அண்ணாந்தபடி குலையை அறுக்கிறார். கோத்தா கோலா மூடாவில் வலை இழுக்கும் மீனவருக்கும் கை ஓய்வதில்லை. சில தசைகள் அளவுக்கு மீறித் தேய்கின்றன, சில தூங்குகின்றன. பயிற்சி இரண்டு பக்கத்தையும் சமமாக வளர்க்கும். களைத்தால் நிறுத்தும் உரிமையும் உங்களிடமே இருக்கும். மாண்டோருக்கு அந்த உரிமையில் பங்கில்லை. இன்னும் வேலை செய்பவர்கள், கடுமையாக உழைத்த நாளில் பயிற்சியை விட்டுவிடலாம்.

"பெண்கள் செய்தால் கை ஆம்பிளைக் கைபோல ஆகிவிடுமா?" ஆகாது. பெண்ணின் உடல்வாகுக்கு அப்படித் தசை எளிதில் திரளாது. கை இறுகும், குடம் இலேசாகும், அவ்வளவே.

"புஜத்தில் தொங்கும் சதை கரையுமா?" ஓரிடத்தில் பயிற்சி செய்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும்தான் குறையும். அதற்குச் சோற்றின் அளவும் தேநீரிலுள்ள கெட்டிப்பாலும் குறையவேண்டும். ஆனால், தோலுக்கடியில் தசை உறுதிப்படும்.

"வயது எழுபது ஆகிவிட்டது, இனிமேலா?" எழுபதிலும் எண்பதிலும் தசை வலுப்பெறும். மெதுவாக வலுப்பெறும், அதுதான் வித்தியாசம்.

வாசகர்களே, காண்டாக் கம்பைத் தோளில் போட்டு இரண்டு பக்கமும் பால்வாளி தொங்க வெயிலில் நடந்த தலைமுறை இன்று தாமான் வீடுகளில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்காகச் சுமந்து ஓய்ந்த கைகள் அவை. இனி அந்தக் கைகள் தங்களைத் தாங்களே சுமக்கும் அளவுக்காவது வலுவாக இருக்கவேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால், இன்று மாலையே அவருக்கு ஒரு பட்டையைச் சன்னலில் மாட்டிக் கொடுங்கள். பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பேரப்பிள்ளைகளை எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. தாத்தா இரண்டு முறை கூடவே இழுப்பார்.

மூன்று மாதம் கழித்து, யாரையும் கூப்பிடாமல் அவர் கையை ஊன்றித் தானே எழுந்து வாசலுக்கு வரும் நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த இதழில் முழங்கால் வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைப் பார்ப்போம்.